செருப்பைக் கழற்ற வேண்டாம்

1996 ஜூன் 16, ஞாயிறு

ஆட்சி மாறி ஒரு மாதம் ஆகிறது. கத்திரி வெயில் முடிந்த கையோடு, பெய்யக் கூடாத மாதத்தில் அடைமழை பெய்து, பட்டினப்பாக்கத்தில் கடல் எது ரோடு எது என்று தெரியாமல் போனது. இந்த வருஷத்தை இப்படித்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன். நம்பர் எனக்கு நிற்காது. நடந்தது நிற்கும்.

இதை எழுதுவது என் கை இல்லை. எனக்கு எழுத்து தெரியாது. மகன் நெடுஞ்செழியனின் பெண்டாட்டி ஆரோக்கியமேரி எழுதுகிறாள். அவளுக்கு லஸ்ஸில் ஜெராக்ஸ் கடையில் வேலை. முதலாளி கொடுத்த டைரி பாதி வருஷமாகச் சும்மா கிடந்தது. "தினம் சாயங்காலம் எங்கிட்ட சொல்றதை இதுல சொல்லுங்க மாமா, நான் எழுதிடறேன். அப்பறம் நான் காதைப் பொத்திக்க வேணாம்" என்றாள்.

எழுதியவரைக்கும் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"நான் பேசறது இப்டியா கீது?"

"எழுத்துல இப்படித்தான் மாமா வரும்."

சரி. நாற்பது வருஷம் ஊர் வீடுகளுக்கெல்லாம் வெள்ளையடித்தவன் நான். என் பேச்சுக்கு இவள் வெள்ளையடிக்கிறாள்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று ஏழரை மணிக்கு டி.வி.யில் பத்மாசனி கதை. கோடையில் தொடங்கிய நாடகம். இந்த ஹவுசிங் போர்டு பிளாக்கில் பாதிப் பேர் எங்கள் வீட்டில்தான் பார்க்கிறார்கள். கீழ் வீட்டில் தனியாக இருக்கும் என் அக்கா பொன்மணி எல்லோருக்கும் முன்னால் வந்து சுவரோரம் சாய்ந்துகொள்வாள்.

இந்தக் கதை எனக்குப் புதிது இல்லை. அரியலூரில் ரயில் ஆற்றில் விழுந்த வருஷம் இது பத்திரிகையில் வாராவாரம் வந்தது. அப்போது எங்கள் குடிசை மீர்சாகிப்பேட்டையில். பைகிராப்ட்ஸ் ரோட்டில் ஷஃபியுல்லா பாய் தையல் கடை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடை திறப்பார். சாயங்காலம் காஜா எடுக்கிறவர், சோடாக்காரர், நான், அக்கா எல்லோரும் கடை வாசலில் உட்காருவோம். பாய் காதில் சாக்குக்கட்டி, கழுத்தில் டேப்போடு கதை படிப்பார். எங்களில் ஒருத்தருக்கும் எழுத்து தெரியாது. பாய் வாய்தான் எங்களுக்குப் புத்தகம்.

கதை இதுதான். பத்மாசனியின் புருஷன் வக்கீல் ராஜகோபாலன். யாரோ சொன்னதைக் கேட்டுச் சந்தேகப்பட்டு அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸாகிறாள். அங்கே கம்பவுண்டர் சாம்பசிவம். அவனுக்கு அவள்மேல் உயிர், ஆனால் வாயைத் திறக்க மாட்டான். கடைசியில் வக்கீலுக்கு உடம்பு கெட்டு, கட்சிக்காரர்கள் எல்லாம் விலகி, அவள் வாசலில் வந்து நிற்கிறான்.

முதல் வாரமே ஒரு கூத்து. "ராஜகோபாலன் பாதரட்சைகளைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்" என்று பாய் படித்தார்.

"அது இன்னா பாய் ரட்ச?" என்றார் சோடாக்காரர்.

பாய் காலைத் தூக்கித் தன் செருப்பைக் காட்டினார். அன்றிலிருந்து அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் "டேய், என் பாதரட்ச எங்கடா?" என்பாள். கடையே சிரிக்கும். அந்த வருஷத்தில் அவள் சிரித்ததே அவ்வளவுதான்.

ஜூன் 19, புதன்

டி.வி.யில் வருகிற பத்மாசனி ஒல்லி. பாய் படித்த பத்மாசனி இவ்வளவு ஒல்லி இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

இன்று சாம்பசிவம் மருந்து கலக்கிக்கொண்டே அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவன் எல்லாம் ஒரு ஆம்பள. மனசுல கீறத சொல்ல வாய் கீதா இல்லியா?"

மேரி விடவில்லை. "சொல்லாம இருந்தா கோழையா மாமா? அவளே ஒரு முடிவுக்கு வரட்டும்னு ஒதுங்கி நிக்கிறாரு. அவரை மாதிரி நல்லவர் அந்தக் கதையில யாரு?"

"ஒதுங்கி நின்னா நல்லவனா? பஸ் ஸ்டாண்டு கம்பங்கூடத்தான் ஒதுங்கி நிக்கிது."

"உங்க புள்ளை மூணு வருஷம் சாந்தோம் சர்ச் வாசல்ல ஒதுங்கித்தான் நின்னாரு."

இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

அக்காவைக் கேட்டோம், உனக்கு வக்கீலா, கம்பவுண்டரா? "எனக்கு ரெண்டு கயிதையும் வாணாம். அந்த வேலக்காரி முனியம்மா கீறா பாரு, அவதான் ஷோக்கு. அவ மட்டுந்தான் பத்மாசனிய துன்னியான்னு கேக்கறா" என்றாள்.

முனியம்மாவை நான் இத்தனை வருஷமாக ஓர் ஆளாகவே எண்ணியதில்லை. யோசித்தால் சரிதான்.

ஜூலை 2, செவ்வாய்

கரண்ட் இல்லை. நாடகம் பார்க்கவில்லை. மேரி மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறாள். போதும்.

ஜூலை 9, செவ்வாய்

நாடகம் முடிந்ததும் எதிர்வீட்டுப் பெண் அக்காவிடம் கேட்டாள், "ஏன் பெரியம்மா, அந்தாளு திரும்பி வந்தா இவ சேர்ந்துக்குவாளா?"

அக்கா தலையை ஆட்டினாள். "பத்மாசனி போவ மாட்டா."

நாற்பது வருஷமாக அக்கா சொல்லும் பதில் இது. ஏன் என்று இங்கே எழுதி வைக்க வேண்டும்.

அக்காவைக் கட்டியவன் வியாசர்பாடிக்காரன். அடிப்பான். ஒரு தடவை கொதிக்கிற கஞ்சியை மேலே கொட்டினான். இடது தோளில் இன்னும் தழும்பு இருக்கிறது. அவள் எங்கள் குடிசைக்கு வந்துவிட்டாள். ஊர் விடவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி, ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து கூப்பிடுவான், இவள் போக வேண்டும் என்று முடித்துவிட்டார்கள். எங்கள் அம்மாவும் சரி என்றாள். நானும் ஒன்றும் பேசவில்லை. அக்கா இருந்த ரெண்டு புடவையைத் துவைத்து மடித்து வைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் கதையின் கடைசி வாரம். ஊரே ரயில் விபத்தைப் பேசிக்கொண்டிருந்தது. பாய் கடையில் மட்டும் கதை. வக்கீல் வந்து வாசலில் நிற்கிறான். உள்ளே வர, காலில் இருப்பதைக் கழற்றக் குனிகிறான். பத்மாசனி நிமிர்ந்து சொல்கிறாள்: "செருப்பைக் கழற்ற வேண்டாம்."

அவ்வளவுதான் கதை. பாய் பத்திரிகையை மூடிவிட்டார். ஒரு மனுஷனை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்? திட்டவில்லை, அழவில்லை. எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றினால்தானே உள்ளே வர முடியும்.

ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடிக்காரன் வந்தான். பின்னால் நாலு பெரியவர்கள். குடிசை வாசலில் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டான். அடுத்ததில் கை வைத்தபோது அக்கா உள்ளேயிருந்து வந்தாள்.

"செருப்ப கயட்டாத."

ஒற்றைக் காலில் நின்றான். பிறகு கழற்றியதை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டான். பெரியவர்கள் கத்தியதற்கெல்லாம் அக்காவின் பதில் ஒன்றுதான்: "பத்மாசனி போனாளா? நானும் போவ மாட்டேன்." கதை கேட்டுக் கெட்டுப்போனவள் என்று பேர் வைத்தார்கள். அடுத்த வருஷம் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து, பென்ஷன் வாங்கும்வரை யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்தாள்.

ஒரு கதை ஒரு பொம்பளையைக் காப்பாற்றியது என்று வெள்ளையடிக்கப் போன வீடெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 18, வியாழன்

மேரி கடையில் யாரோ ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்த பத்திரிகையில் இந்த நாடகத்தைப் பற்றி எழுதியிருந்ததாம். கடைசி வாரம் பத்மாசனியும் ராஜகோபாலனும் ஒன்று சேருகிறார்களாம். 30ஆம் தேதி கடைசியாம்.

பொய். கதையை மாற்றுகிறார்கள். பார்க்கிறவர்கள் சந்தோஷமாக எழுந்து போக வேண்டும் என்று, ஒரு பொம்பளையை மறுபடி அவன் காலில் தள்ளுகிறார்கள். நம் பிளாக் முழுக்க உட்கார்ந்து பார்க்கும். அவர்களோடு அக்காவும் உட்கார்ந்திருப்பாள். "போவ மாட்டா" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். நாளைக்கு அவள் முகத்தைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி சிரிக்க மாட்டாளா? நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெரியவர்கள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடாதா?

விடமாட்டேன். நேரில் போய்ச் சொல்கிறேன்.

ஜூலை 20, சனி

மேரியைக் கூட்டிக்கொண்டு 12B பிடித்து வடபழனி போனேன். நாடகம் எடுக்கிறவர்களின் ஆபீஸ், கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் மாடியில். கதை இலாகாவில் வெங்கடரமணன் என்று ஒருத்தர், நரைத்த தலை, நல்ல மனுஷன். நாற்காலி போட்டார். காப்பி வந்தது.

"சார், அவ போவ மாட்டா சார். நீங்க மாத்திட்டீங்கோ."

"நாங்க ஒண்ணும் மாத்தலையே பெரியவரே. மூலக் கதையில எப்படி இருக்கோ அப்படித்தான் எடுத்திருக்கோம்."

"நான் கேட்டுக்கீறேன் சார். காதால கேட்டுக்கீறேன். வாசல்லயே நிக்க வெச்சி, செருப்பக் கயட்ட வேணாம்னு சொல்லுவா."

அவர் மேஜைமேல் இருந்த புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து மேரியிடம் கொடுத்தார். "நீயே படிம்மா."

மேரி படித்தாள். "பத்மாசனி ஒன்றும் பேசவில்லை. வாசலில் கிடந்த அவனுடைய பாதரட்சைகளைக் குனிந்து எடுத்து உள்ளே வைத்தாள்."

இன்னொரு தடவை படி என்றேன். படித்தாள். அதேதான். சரியாப் பாத்துப் படிம்மா என்றேன். இந்த வீட்டுக்கு அவள் வந்து பத்து வருஷத்தில், அவள் படித்ததை நான் சந்தேகப்பட்டது இன்றுதான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். விரல் போன வழியெல்லாம் பார்த்தேன். எறும்பு மாதிரி இருந்தது.

வெங்கடரமணன் கேட்டார், "உங்களுக்கு யாரு படிச்சுக் காட்டினா?"

எழுந்து வந்துவிட்டேன். மரியாதை இல்லைதான்.

ஜூலை 21, ஞாயிறு

பாய் பொய் படிப்பாரா? அளவில் ஒரு நூல் தவறாத மனுஷன்.

ஜூலை 22, திங்கள்

பாய் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் சம்சாரம் ஹாஜிரா பீ, எங்களுக்குப் பீம்மா, மீர்சாகிப்பேட்டையிலேயே மகளோடு இருக்கிறார். தனியாகப் போனேன். கண் கொஞ்சம் மங்கிவிட்டது, குரலைக் கேட்டதும் "கதிரேசன் தம்பியா?" என்றார். அறுபத்தாறு வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஆள் இருக்கிறது.

கேட்டேன். பாய் அன்று படித்த முடிவு புத்தகத்தில் இல்லையே என்று. பீம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அரே, இப்பத்தான் தெரிஞ்சுதா? பத்திரிகைக்காரன் ஒரு நாள் முன்னாடியே அவருக்கு எடுத்துக் குடுத்துடுவான் தம்பி. சோறு துன்னும்போது எனக்குப் படிச்சிக் காட்டுவாரு. அன்னிக்கு அந்தக் கடேசிய படிச்சிட்டு கம்முனு குந்திக்கினாரு. 'ஹாஜிரா, நாளிக்கி பொன்மணி வந்து குந்துமே, அதுங்கிட்ட இத எப்டி படிக்கிறது'ன்னாரு. படிக்காதீங்கன்னேன். பின்ன இன்னாத்த படிக்கிறதுன்னாரு. எங்கம்மா ஒருவாட்டி எங்க மாமனுக்குச் சொல்லிச்சு, செருப்பக் கயட்ட வேணாம்னு. அத படிங்கன்னேன்."

"அப்ப அது பத்மாசனி சொன்னது இல்லியா?"

"எங்கம்மா சொன்னது."

அந்தப் பத்திரிகை என்ன ஆயிற்று என்று கேட்டேன். வேறு யாராவது படித்துச் சொல்லிவிடக் கூடாதென்று, அந்தப் பக்கத்தைச் சட்டைக் காலருக்கு அளவுக் காகிதமாக வெட்டிவிட்டாராம்.

எனக்கு ஒன்று தோன்றியது. கேட்டும் விட்டேன். "பீம்மா, தப்பா நெனக்காத. பாய்க்கு அக்கா மேல... அந்த சாம்பசிவம் மாதிரி..."

பீம்மா கையிலிருந்த விசிறியால் என் முழங்காலில் ஓர் அடி போட்டார்.

"உன் புத்திய வுட மாட்டியே! ஒரு ஆம்பள ஒரு பொம்பளைக்கு நல்லது செஞ்சா உள்ள இன்னாமோ கீதுன்னுவ. அவரு பயந்தாரு தம்பி. அந்தப் பொண்ணு போனா செத்துப்போவும்னு பயந்தாரு. நானும் பயந்தேன். நீங்கள்லாம் அவ கூடப்பொறந்தவங்க, நீங்க பயந்தீங்களா?"

பீம்மாவின் மகள் கொடுத்த தேநீர் ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 29, திங்கள்

நாளை கடைசி. அக்காவிடம் சொல்லவில்லை. டி.வி. ரிப்பேர் என்று சொல்லிவிடு என்றேன் மேரியிடம்.

"பிளாக்ல இன்னும் எத்தினி டி.வி. இருக்கு மாமா? நீங்களே போய் சொல்லிடுங்க, புத்தகத்துல வேறன்னு."

எப்படிச் சொல்வது? நாற்பது வருஷம் நீ பிடித்துக்கொண்டு நின்ற சுவர், சுவரே இல்லை என்றா?

ஜூலை 31, புதன்

நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஏழு மணிக்கே அக்கா வந்துவிட்டாள். தலையில் பூ வேறு. எதிர்வீட்டுக்காரி, அவள் மாமியார், மாடியிலிருந்து நாலு பேர். நான் டி.வி.க்குப் பின்னால் போய் ஆன்டெனா ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இழுத்துவிடலாம் என்றுதான்.

"இன்னாடா, கம்பவுண்டராட்டம் மூலைல நிக்கிற? ஒயர வுட்டுட்டு இப்டி வந்து குந்து."

அக்கா சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். வந்து உட்கார்ந்தேன்.

ராஜகோபாலன் வந்தான். இருமினான். பாட்டு மாதிரி ஒன்று வந்தது. பத்மாசனி குனிந்து அவன் செருப்பை எடுத்து உள்ளே வைத்தாள். முடிந்தது.

எதிர்வீட்டுக்காரி திரும்பினாள். "இன்னா பெரியம்மா, போவ மாட்டான்னீங்கோ. போய்ட்டாளே!"

அக்கா வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். "இந்தப் பத்மாசனி போய்ட்டா. இன்னொருத்தி கீறா, அவ போவல."

எல்லோரும் போன பிறகு நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அக்கா, பாய் படிச்சது... என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"எனக்குத் தெரியும்டா."

"இன்னா தெரியும்?"

"புஸ்தகத்துல அப்டி இல்லன்னு தெரியும். அன்னிக்கே தெரியும்."

"எப்டிக்கா? உனக்கும் எனக்கும் எய்த்து தெரியாதே!"

"காது கீதுல்ல? அத்தினி வாரமா பாதரட்ச, பாதரட்சன்னு படிச்ச மனுசன், அன்னிக்கு மட்டும் இன்னா படிச்சாரு? செருப்புன்னாரு. எந்தக் கதைலடா செருப்புன்னு எய்துவான்? அது பத்திரிகை சொல்லல. அவரு சொன்னாரு. எனக்குச் சொன்னாரு."

அந்த வரியை நாற்பது வருஷமாக நாக்கில் வைத்துக்கொண்டிருந்தவன் நான். அதில் எந்தச் சொல் என்று கேட்கவே இல்லை.

"அப்ப பத்மாசனி போனாளான்னு ஊர்ல அத்தினி பேர்கிட்டயும் கேட்டியே, அது?"

"பாய் சொன்னாருன்னு சொல்ல முடியுமாடா? அவரு கடைய கொளுத்தியிருப்பானுங்க. கதைய யாரு கொளுத்துவான்?" என்றாள். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். "கதைல ஒருத்தி போவலன்னு நான் நிக்கல. நீ போவாதன்னு நெசமா ஒருத்தரு சொன்னாரு. அன்னிக்கு வேற யாரும் சொல்லல."

வேறு யாரும் என்பதில் நானும் உண்டு. அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதனால் ரொம்பவே கேட்டது.

இதை எழுதிக்கொண்டிருந்த மேரி நிறுத்திக் கேட்டாள், "சாம்பசிவம் கோழைன்னு இன்னும் சொல்றீங்களா மாமா?"

அவனை விடு. வாசலில் பெரியவர்கள் நின்றபோது வாய் திறக்காத கூடப்பிறந்தவன் ஒருத்தன் இருக்கிறான். முதலில் அவனுக்கு ஒரு பேர் வை.

மேரி இந்த வரியை மட்டும் எனக்குத் திருப்பிப் படிக்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அக்காவைப் பீம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பேரும் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள்.

அக்டோபர் 1, செவ்வாய்

இனிமேல் ஊர் பேர் சென்னை மட்டும்தானாம். நாங்கள் எப்போதும் அப்படித்தான் சொன்னோம். எழுதுகிறவர்கள் இப்போதுதான் வந்து சேருகிறார்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு

நேற்று ஹாஜிரா பீ தவறிவிட்டார். மகள் ஆள் அனுப்பியிருந்தாள். நானும் அக்காவும் போனோம். வாசல் முழுக்கச் செருப்பு, கால் வைக்க இடமில்லை. அக்கா தன்னுடையதைக் கழற்றி, குனிந்து, ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். பெண்கள் நடுவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் ஆண்களோடு தெருவில் நின்றேன்.

மேரி, இதைச் சரியாக எழுது. அழகாக வேண்டாம், நான் சொல்கிறபடி எழுது. அந்த வெள்ளிக்கிழமை பாய் படித்தது பத்திரிகையில் இல்லை என்று அன்றே தெரிந்தவர்கள் மூன்று பேர். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் அதில் சேர்த்தி இல்லை. ஷஃபியுல்லா பாய் போய்விட்டார். ஹாஜிரா பீ நேற்று. மிச்சம் இருப்பது என் அக்கா பொன்மணி.